அம்மாவுக்குச் சுடவில்லை

வெளிநாட்டிலிருந்து ஊழியக் குழு ஒன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறது என்று தெரிந்ததிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாமா அம்மாவின் தம்பி. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற வழியில் இருந்த எங்கள் தோட்டத்து ஜெபவீட்டுக்கு அவர்தான் போதகர், அவர்தான் பாட்டுக்காரர், கூட்டித் துடைப்பவரும் அவர்தான். சில நாள் பயணமாக இலங்கைக்கு வந்த அந்தப் பிள்ளைகள் எங்களுக்கென்று ஒரு பகலை ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பகலில் அவர்கள் செய்ய ஆசைப்பட்டது, கொழுந்து எடுக்கும் பெண்களின் கால்களைக் கழுவிவிடுவது. இயேசு தம் சீடர்களுக்குச் செய்தாரே, அது மாதிரி.

கேட்டவர்கள் வெலவெலத்துப் போனார்கள். வந்த விருந்தாளி, அதுவும் வெள்ளைக்காரப் பிள்ளை, நம் காலைத் தொடுவதா? பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் பழக்கம் உண்டு. காலைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கும் பழக்கமில்லை. ஒரு ஞாயிறு தவறாமல் ஜெபவீட்டுக்கு வரும் பெண்களே அன்றைக்கென்று காய்ச்சல், தலையிடி என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நாற்காலி காலியாகக் கிடந்தால் மாமாவின் மானம் போய்விடும். கடைசியில் அவர் அம்மாவிடம் வந்து நின்றார். அம்மாவோ அப்பாவைக் கட்டியதிலிருந்து மாரியம்மன் கோயிலோடு இருப்பவள். அதற்கு முந்தைய திருவிழாவில் தீ மிதித்தவள்.

"சாமிக்காக வேணாங்க்கா. எனக்காக ஒருக்கா வந்து ஒக்காருங்க" என்றார் மாமா.

தம்பி கேட்டு அம்மா எதையும் மறுத்ததில்லை. அன்று காலையில் பீலிக் குழாயடியில் உட்கார்ந்து, பிறத்தியார் கழுவப்போகிற காலைச் சவுக்காரம் போட்டுக் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வரச் சம்மதித்த மற்றப் பெண்களும் அதையேதான் செய்தார்கள். அழுக்குக் காலையா அந்தப் பிள்ளைகளிடம் நீட்டுவது?

மாமாவின் மனைவி, எங்கள் அத்தைக்கு வேறொரு கவலை. எங்கள் மலைத் தண்ணீரில் கை வைத்தால் பல் கிட்டிப்போகும். அதில் விருந்தாளிகளைக் கை நனைக்க விடலாமா என்று, பெரிய கேத்தல் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஜெபவீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். பேசனில் அத்தை சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும், பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு பெண்களுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்றாவதாக அம்மா உட்கார்ந்தாள். அத்தை சுடுதண்ணீரை ஊற்றினாள். அந்த நேரம் பார்த்துக் குழுவில் ஒருத்தி போனை உயர்த்திப் படம் பிடிக்க, பச்சைத் தண்ணீர்க்கார அக்கா வாளியை மறந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டாள்.

அம்மாவுக்கு முன்னால் மண்டியிட்டவள் சிவந்த முடிக்காரி, சின்னப் பெண். அவளைக் காக்க வைக்கக் கூடாதென்று அம்மா சட்டென்று இரண்டு காலையும் பேசனுக்குள் வைத்தாள். வைத்துவிட்டுக் கூச்சத்தோடு சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தபடியே கைகளை உள்ளே விட்டாள். விட்ட வேகத்தில் வீறிட்டு அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தாள்.

அம்மாவின் கால் அப்போதும் உள்ளேயே இருந்தது.

"ஐயோ மகளே, என்னம்மா ஆச்சு?" என்று அம்மா பதறிப்போய் அவளைத்தான் கேட்டாள்.

மாமா பாய்ந்து வந்து அம்மாவின் கால்களைப் பிடித்து வெளியே எடுத்தார். கணுக்கால் வரை தோல் இரத்தமாகச் சிவந்திருந்தது.

"சுடலையாக்கா?"

"இல்லியே தம்பி. கொஞ்சங்கூட சுடல."

மாமா பேசனில் ஒரு விரலை விட்டுப் பார்த்து உதறினார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி "அல்லேலூயா!" என்று கூரை அதிரக் கத்தினார். காய்ச்சல்காரிகளும் தலையிடிக்காரிகளும் ஓடிவந்து ஜெபவீட்டை நிறைத்தார்கள்.

சிவந்த முடிக்காரி மட்டும் கை தட்டவில்லை. தன் கை வெந்திருந்ததையும் பாராமல் அம்மாவின் கால்விரல்களை ஒவ்வொன்றாக அழுத்துவதும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அழுதுகொண்டே மாமாவிடம் இங்கிலீஷில் திரும்பத் திரும்ப எதையோ சொன்னாள். மாமா ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஒங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்கக்கா. இன்னைக்கே போகணுமாம்."

அம்மா சிரித்துவிட்டாள். "நோவே இல்லாம ஆஸ்பத்திரிக்குப் போய் என்னன்னு தம்பி சொல்றது?"

பனி இறங்குவதற்குள் மலையிலிருந்து இறங்க வேண்டுமென்று வேன்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தன் ஊருக்குப் போய் எந்தக் கதையைச் சொன்னாளோ, எனக்குத் தெரியாது.

அன்று சாயந்தரம் எங்கள் வாசலில் பெரிய வழக்கு. இயேசு காப்பாற்றினார் என்று மாமா. "தீயில எறங்கினப்பவுந்தான் இவளுக்குச் சுடல. அப்ப யாரு மச்சான் காப்பாத்துனது? ஆத்தாதானே?" என்று அப்பா. வரிசை வீடுகளான எங்கள் லயமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கொப்புளம் வந்த காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அம்மா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு மறுபடியும் வழக்காடினார்கள். அந்தக் காலைக் குனிந்து பார்க்க இருவருக்கும் நேரமில்லை. அம்மா மறுநாள் விடிந்ததும் அதே காலோடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

புண் நாறத் தொடங்கிய பிறகுதான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி, பல வருடமாக உடம்பில் இருந்திருக்கிறது, பாதங்களின் உணர்ச்சி எப்போதோ செத்துவிட்டது என்றார் டாக்டர். அப்பாவும் மாமாவும் குனிந்து அந்தக் காலையே பார்த்தார்கள். அம்மாவின் வலது பாதத்தில் பாதியை எடுத்தார்கள். நெருப்பிலும் வெந்நீரிலும் அந்தக் கால் எங்களிடம் தன் நிலைமையைச் சொல்லியிருக்கிறது. நாங்கள் சாமியைப் புகழ்ந்துகொண்டிருந்தோம்.

ஆனால் அதெல்லாம் பிறகு வந்தது. கால் கழுவியதற்கு மறுநாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம்தான். ராத்திரிக்குள் அற்புதம் தீர்ந்துபோயிருக்குமோ? பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். மலையிலிருந்து வந்த அம்மா காம்பரா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி, துணிக்கு வெளியே தெரிந்த அவளுடைய குதிகாலில் மெதுவாகக் குத்தினேன். அம்மா கல் பொறுக்கினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒரு சொட்டு இரத்தம் வந்தது.

"அங்க என்ன புள்ள செய்ற?" என்று அம்மா திரும்பாமலே கேட்டாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்கம்மாவுக்கு இன்னும் வலிக்கல! வந்து பாருங்க!" என்று கத்திக்கொண்டு லயத்து வாசல் முழுக்க ஓடினேன். பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு ஊக்கைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.