மன அழுத்தம் என்று ஒரு கடிதம்

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் சேதராப்பட்டில், ஷாம்புவைப் பாட்டிலில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஓடும் பெல்ட்டில் வரும் பாட்டில்களுக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில வாரங்களாகவே பிடரி வலி இருந்தது. ஒருநாள் காலை, நின்றுகொண்டிருந்தபடியே மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். ரத்தம் பட்ட பாட்டில்களை முதலில் எடுத்து ஒதுக்கினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அளந்தபோது நூற்றெண்பது, நூற்றுப்பத்து. ஹைப்பர்டென்ஷன் (தொடர்ந்து உயர்ந்தே இருக்கும் ரத்த அழுத்தம்) என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். தினமும் அளந்து குறித்துவரச் சொன்னார்.

என் கணவர் டெம்போ ஓட்டுகிறவர். "எல்லாத்துக்கும் சுள்ளுனு கோவப்படுற, அதான் ஏறுது" என்றார். புதுச்சேரி சாரத்தில் நாங்கள் குடியிருந்த தெரு முழுக்க அதே பாட்டு: டென்ஷன் ஆவாத, டென்ஷன் ஆவாத. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டென்ஷன் என்ன நான் கடையில் வாங்கி வந்த சாமானா, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க?

இரண்டு மாதம் பக்கத்து வீட்டு நர்ஸிடம் அளந்தேன். வேலை நாட்களில் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கியது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு வேலையைப் பற்றிக் கேட்டார். பெல்ட்டில் என்னோடு நின்ற செல்வி வேலையை விட்டுப் போனபின் வேறு ஆள் போடவில்லை, பெல்ட்டின் வேகத்தையும் கூட்டிவிட்டார்கள் என்றேன்.

"கோவம் வந்தா யாருக்கும் ஏறும்மா, அப்புறம் இறங்கிடும். உங்களுக்கு இறங்கறதுக்கு நேரமே கெடைக்கல" என்றார். கார்ட்டிசால் (நெருக்கடியில் உடம்பு சுரக்கும் ஒரு ஹார்மோன்) அடங்காமல் இருந்தால் தூக்கம், செரிமானம், இதயம் எல்லாவற்றையும் கெடுக்கும் என்றார். அந்த இரண்டு மாதத்தில் என்மேல் பழி போடாமல் பேசிய முதல் ஆள் அவர்தான்.

அந்தத் தெம்பில் ஒரு தப்பு செய்தேன். இதைக் கடிதமாக எழுதித் தாருங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். 'பணியால் மன அழுத்தம், தவிர்க்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார்.

"இன்னொரு ஆள் போட்டா போதும் சார். இல்லன்னா பெல்ட்ட கொஞ்சம் மெதுவா விடுங்க" என்றேன்.

"டாக்டரே இந்த வேல உங்களுக்கு ஆகாதுன்னு எழுதிட்டாங்களேம்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்கதான பதில் சொல்லணும்? வீட்ல இருந்து உடம்ப பாத்துக்கோங்க."

ஒன்பது வருட வேலை அத்தோடு முடிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பினார், அக்கறையாக.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கடிதம் வாங்கினால் உங்கள் உடம்பால் என்ன முடியாது என்று மட்டும் எழுத விடாதீர்கள். அங்கே எதை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எனக்கு இது வேலை போன பிறகுதான் உறைத்தது.

இப்போது நூற்று இருபத்தைந்து, எண்பது. பிடரி வலி இல்லை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மெதுவாக டீ குடிக்கிறேன். பகல் இவ்வளவு நீளம் என்று இதற்குமுன் எனக்குத் தெரியாது.

"பாத்தியா, வேலைய விட்டதும் சரியாயிடுச்சு" என்கிறார் கணவர். நான் விடவில்லை. இரண்டு பேர் வேலையை ஒருத்தியின் தலையில் கட்டி, சரியாகக்கூடிய உடம்பை ஆகாத உடம்பு என்று சொல்லி அனுப்பினார்கள். கோபம் வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும், இறங்க இப்போது நேரம் இருக்கிறது.