கப்பல் புகை சாய்ந்த திசை

என் எழுத்தைப் படித்தவர்கள் சிலர், ஓய்வு நேரத்தில் எனக்கு எதில் நாட்டம் என்று கேட்பதுண்டு. சங்கீதம், சதுரங்கம் என்று ஏதேனும் கம்பீரமான விடையை எதிர்பார்க்கிறார்கள் போலும். காத்தாடி விடுவது என்றால் சிரித்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இராயபுரத்துத் துறைமுகத்தில் மூட்டை சுமந்த காலத்தில், கைக்குக் கிடைத்த அச்சுத்தாளையெல்லாம் படித்தே எழுதக் கற்றேன். படித்து முடித்த தாளில் காத்தாடி ஒட்டினேன். இரண்டில் எது பெரிய இன்பம் என்று இன்றுவரை என்னால் சொல்ல இயலவில்லை.

ஆறு நாள் என் முதுகு மூட்டைக்குச் சொந்தம். ஞாயிறு பிற்பகல் எனக்குச் சொந்தம். கடையில் நின்றபடி ஒரு கிளாஸ் தேநீர் பருகிவிட்டு, நூல் உருளையுடன் கடற்கரைக்குப் போய்விடுவேன். உடைந்த சரக்குப்பெட்டியின் தேக்குக் கட்டையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி, ஒரு மாதம் இழைத்து நானே செய்த உருளை அது.

ஓர் ஆனி மாதத்து ஞாயிறு. கொருக்குப்பேட்டை யார்டில் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளும் ஒருவர் தம் கூட்டத்தோடு மணலுக்கு வந்தார். டீல் போடுவதில், அதாவது நூலோடு நூலை உரசவிட்டு எதிரியின் காத்தாடியை அறுப்பதில், அவரை வென்றவர் அந்தப் பக்கத்தில் இல்லை.

"மாமு, சும்மா வுட்டா ருசி இல்ல. அறுந்தாலும் சரி, தண்ணில வுயுந்தாலும் சரி, தோத்தவன் உருளைய குட்துட்டுப் போணும். இன்னா சொல்ற?"

அவர் கண் என் தேக்கு உருளையின் மீது இருந்தது. மறுத்திருக்கலாம். ஆனால் எங்கள் மேஸ்திரி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்புக்கொண்டேன்.

மேற்கே ஊர்ப்பக்கமிருந்து மேல்காற்று பலமாக அடித்தது. இரண்டு காத்தாடிகளும் கடலுக்கு மேலே நெடுந்தூரம் போய் நின்றன. இருமுறை அவர் நூல் என் நூலை உரசிச் சென்றது. கண்ணாடித்தூள் பூசிய என் மாஞ்சா நூல் தாங்கியது. மூன்றாம் முறை தாங்காது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலைப் பார்த்தேன். காலை முதல் கிழக்கே சாய்ந்திருந்த அதன் புகை, நிமிர்ந்து நின்று, மெல்லக் கரைப்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது. கடற்காற்று புறப்பட்டுவிட்டது. நான் நூலைச் சுற்றத் தொடங்கினேன்.

"இன்னா நைனா, அதுக்குள்ள மூட்டைய கட்டிகினு கீற?" என்றார் கரிக்காரர். அவர் கூட்டம் சிரித்தது.

மேஸ்திரிக்கு முகம் கறுத்துவிட்டது. "டேய், மானத்த வாங்காத. நூல வுடுடா."

"கொஞ்சம் சும்மா இரு மேஸ்திரி," என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை.

கரிக்காரர் ஒருமுறை பின்னால் திரும்பி, கூரைகளுக்கு மேல் தெரிந்த எஞ்சின் புகையைப் பார்த்தார். யார்டில் வேலை செய்பவர்கள் காற்றை அதில்தான் பார்ப்பார்கள். அது இன்னும் கடலை நோக்கியே சாய்ந்திருந்தது. கடற்காற்று ஊருக்குள் நுழையச் சற்று நேரமாகும் அல்லவா? அவர் நிம்மதியாக இன்னும் நூல் விட்டார்.

காற்று நின்றது. அவருடைய நீண்ட நூல் தொய்ந்து அலையில் படிந்தது. காத்தாடி தள்ளாடி நீரில் இறங்கியது. என் நூல் அதற்குள் குறுகியிருந்தது. கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக் காத்தாடியை விழவிடாமல் வைத்திருந்தேன். பிறகு முகத்தில் ஈரக்காற்று பட்டது. திரும்பி நின்றேன். கடலுக்கு மேல் பறந்த காத்தாடி என் தலையைக் கடந்து இராயபுரத்துக் கூரைகளுக்கு மேலே எழுந்தது.

கரிக்காரர் தம் உருளையை நீட்டினார். "எப்பிடி மாமு தெரிஞ்சுது?"

கப்பலைக் காட்டினேன். அவர் நெடுநேரம் அதையே பார்த்தார்.

உருளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று எழுதினால் வாசகர் மகிழ்வர். கொடுக்கவில்லை. இன்றும் அது என் எழுதும் மேசை மீதிருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் புது உருளையோடு வந்தார். காத்தாடியைக் கீழே வைத்துவிட்டு, யார்டுப் பக்கம் திரும்பாமல், முதலில் கப்பல் புகையைப் பார்த்தார். என் பெயர் அச்சில் வந்த நாளில்கூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.