எல்லோரும் கண்ணை மூடிய பிறகு

எல்லோரும் கண்ணை மூடியதும் அவர் கண்ணைத் திறக்கிறார். சத்தமில்லாமல் முக்காலியை விட்டு இறங்கி, வரிசைகளுக்கு நடுவே பூனை நடை போடுகிறார். வளைந்த முதுகைத் தட்டி நிமிர்த்துகிறார். தொங்கிய மோவாயை ஒற்றை விரலால் தூக்கிவிடுகிறார். அருள் பட்டுவிட்டதாக அந்த ஆசாமி சிலிர்த்துப்போகிறார். பிறகு ஜன்னலோரம் நின்று கைப்பேசியில் செய்தி படிக்கிறார். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். நான் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத வேண்டும், மோட்சம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்கெல்லாம் அவர் ‘அமைதி அண்ணன்’. தியான இயக்கம் தொடங்குவதற்கு முன் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர். “கண்ணை மூடாதீங்க, சிமிட்டாதீங்க” என்று பாதி ஆயுளை ஓட்டினார். ஆளுக்கொரு கைப்பேசி வந்து, கடையில் ஈ ஓட்ட நேர்ந்தபோது, படம் எடுத்த அதே நீலத் திரைக்கு முன்னால் “கண்ணை மூடுங்க” என்று ஆரம்பித்தார். கூட்டம் அலைமோதியது. வாடிக்கையாளர் உட்கார்ந்த சுழல் முக்காலி இன்று குருபீடம். படம் எடுக்கும் முன் சொல்லும் “ரெடி” இன்று மந்திரம். அதைக் கேட்டால் சீடர்களின் இமை தானாக மூடிக்கொள்ளும்.

“அண்ணே, கண்ணை மூடினா ஒரே இருட்டா இருக்கு” என்றார் ஒரு வங்கி மேலாளர்.

“அப்ப சரியாத்தான் மூடியிருக்கீங்க” என்றார் அண்ணன். மேலாளர் கண் கலங்கிவிட்டார்.

வினை, புது அரங்கத்தின் திறப்பு விழா வடிவில் வந்தது. “இத்தனை நாளா நாங்கதான் மூடிக்கிட்டு இருந்தோம். விழா அன்னைக்கு நீங்க மூடுங்கண்ணே, நாங்க பார்க்கிறோம்” என்றார்கள் சீடர்கள். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“வீட்டுல தினமும் ஒத்திகைதான்” என்று என்னிடம் போட்டு உடைத்தார் அண்ணி. “ஒரு கண்ணு மூடினா இன்னொண்ணு திறந்துக்குது.”

அண்ணன் மறுக்கவில்லை. “கடையில ஒருநாள் அசந்துட்டேன் சார். முழிச்சுப் பார்த்தா, படம் எடுக்க வந்த குடும்பம் எழுந்து எதிர்க்கடைக்குப் போயிருச்சு. அதுக்கப்புறம் யாருமே வரலை. இப்பவும் நான் கண்ணை மூடினா இவங்களும் போயிடுவாங்களோன்னு தானா திறந்துக்குது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அண்ணிக்கு இரண்டும் வரவில்லை. அவர் இதுவரை ஒரு வகுப்பிலும் முழுதாக உட்கார்ந்ததில்லை. “ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டா அடுப்பை யாரு பார்க்கிறது?” என்பார். கடைசி நாற்காலியில் தோள்பையோடு உட்கார்ந்து, பாதியில் எழுந்து போய்விடுவார்.

விழா நாள். மேடையில் முக்காலி. அரங்கம் நிறைந்த கண்கள் அண்ணன்மேல் குவிந்திருந்தன. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழக்க தோஷத்தில் “ரெடி” என்றார்.

அவ்வளவுதான், மொத்த அரங்கமும் கண்ணை மூடிக்கொண்டது.

அண்ணன் பாதி மூடிய கண்களில் ஒன்றைத் திறந்து பார்த்தார். மறு கண்ணையும் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வழக்கம்போல ஒரு கால் முக்காலியை விட்டு இறங்கியும் விட்டது. அப்போதுதான் கடைசி வரிசையில் அண்ணி இமைக்காமல் தன்னையே பார்ப்பதைக் கண்டார். கால் அந்தரத்தில் நின்றது.

அண்ணி தோள்பையைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அண்ணன் காலை மேலே இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால் தன் மோவாயைத் தானே தூக்கி நிறுத்தி, இரண்டு கண்களையும் மூடினார்.