ஒரு செதில்கூடக் கூடாது

படகு ஒன்று, பிழைப்பு இரண்டு. விடிகிற நேரத்தில் அது அக்காவுடையது. வெயில் ஏறியதும் தம்பியுடையது. அக்கா தூண்டில் போட்டு மீன் பிடிப்பாள். தம்பி அதே படகில் ஆள் ஏற்றி, எதிரே தெரியும் தீவுக்குக் கொண்டுபோய் விட்டுவருவான். அப்பா விட்டுப்போன படகு. நடுவே கோடு கிழித்துப் பாகம் பிரிக்க முடியாததால் பொழுதைப் பிரித்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் பெரிய சண்டை வந்தது ஒரே ஒரு முறைதான். தீவுப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி படகிலிருந்து இறங்கி வகுப்புக்குப் போய், கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அவள் முதுகில் நாலைந்து மீன் செதில் ஒட்டிக்கொண்டு, வெயில் பட்டு மினுங்கியிருக்கிறது. மறுநாள் டீச்சர் தம்பியை உலுக்கி எடுத்தாள். தம்பி வீட்டுக்கு வந்து அக்காவை உலுக்கினான்.

"இதான் கடைசிக்கா. இனிமே படகுல ஒரு செதில் கிடைச்சுது, அன்னைக்கோட உன் மீன் வியாபாரம் முடிஞ்சுது. ஒரே ஒரு செதில். சொல்லிட்டேன்."

"கிடைச்சாத்தானேடா?" என்றாள் அக்கா.

அதைச் சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை. படகுக்கு வருவதற்கு முன் அவள் வெகுகாலம் சலவைக்கடையில் வேலை பார்த்தவள். எந்தக் கறைக்கு என்ன குணம் என்பது அவளுக்கு அத்துப்படி. ரத்தத்தின் மேல் வெந்நீர் பட்டால் கறை நிரந்தரமாகக் குடியேறிவிடும், பச்சைத் தண்ணீர்தான் அதற்கு மருந்து. எதையும் காயவிடக் கூடாது. முதலிலேயே நனைந்திருக்கிற இடத்தில் லேசில் எதுவும் ஒட்டாது. துணிக்குத் தெரிந்த நியாயம் பலகைக்கும் பொருந்தும் என்று அவள் முடிவு கட்டினாள்.

அதனால் கத்தியை எடுப்பதற்கு முன் வாளியை எடுப்பாள். கடல்நீரை மொண்டு உட்காரும் பலகை, பக்கச் சட்டம், அடித்தளம் எல்லாவற்றையும் நனைத்துவிடுவாள். ஈரத்துணியை விரித்து அதன்மேல் வெட்டுப்பலகையைப் போடுவாள், வழுக்காது. மீன் வந்ததும் செவுளுக்குள் கத்தியை விட்டு ஒரு கீறல், உடனே தலைகீழாக வாளித் தண்ணீருக்குள். ரத்தம் முழுக்க வாளியோடு போய்விடும். செதில் உரிப்பதற்குத்தான் அவளுடைய தந்திரம் இருந்தது. கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் மீனை விட்டு, கையையும் கரண்டியையும் உள்ளே விட்டு, பையின் வாயை மணிக்கட்டோடு இறுக்கிக்கொண்டு, வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டுவாள். உள்ளே செதில் மழையாகப் பொழியும், வெளியே ஒரு துளி வராது. அப்புறம் வயிற்றில் மேலோட்டமாக ஒரு கீறு. பித்தப்பை உடையாமல் குடலை மொத்தமாக எடுத்து மூடி போட்ட டப்பாவில் போடுவாள். முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் கறுத்த ரத்தத்தைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவாள்.

இவ்வளவையும் அவள் பாதி வழியில், சிவப்பு மிதவை ஒன்றின் பக்கத்தில் படகை நிறுத்திச் செய்வாள். டப்பாவை அங்கேயே கடலில் கவிழ்த்துவிட்டுக் கரைக்கு வருவாள். படகு அணையும்போது மீன் சட்டிக்குத் தயார். வீட்டில் அழுக்குப் படாமல் மீன் சமைக்க ஆசைப்படுகிறவர்கள் கிண்ணத்தோடு துறையில் காத்திருப்பார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் 'பளிச்சக்கா'. தம்பி படகில் ஏறி, குனிந்து, மூக்கைச் சுளித்து, இண்டு இடுக்கெல்லாம் மோந்து பார்த்துவிட்டு, குறை கண்டுபிடிக்க முடியாத வருத்தத்தோடு இஞ்சினைக் கிளப்புவான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தீவில் புதிதாகத் தங்கும் விடுதி ஒன்று திறந்தது. அதை நடத்தும் அம்மாள் விருந்தாளிகளைத் தினமும் ஏற்றி இறக்க ஒரு படகு தேடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. போய்ப் பேசினான். "உங்க படகு மீன்படகு இல்லையே?" என்று அவள் கேட்டதற்கு, "சேச்சே, சுத்தமான சவாரிப் படகும்மா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தான். படகைப் பார்க்க அவள் மறுநாளே வருகிறாளாம்.

"ஏண்டா இந்தப் பொய்?" என்று கேட்டாள் அக்கா.

"மீன்னு சொன்னா அந்தம்மா ஏறுமா? நீயே சொல்லு. இந்தச் சவாரி கிடைச்சா நமக்கு வருஷம் பூரா கவலை இல்ல. ஆனா ஒண்ணு. அந்தம்மாவுக்கு மீன் வாடை தட்டுப்பட்டு, சவாரி கைநழுவிப் போச்சுன்னா, நீ வேற படகு பார்த்துக்க."

வேறு படகுக்கு அவள் எங்கே போவாள்? தம்பி மனைவி, பாத்திரம் தேய்த்துக்கொண்டே குரல் கொடுத்தாள்: "அண்ணி, படகுல செதில் இருக்காது, எனக்குத் தெரியும். இவரு வாயிலதான் ஏதாவது வந்து விழும். நீங்களும் கூடப் போங்க."

அப்படித்தான் அக்காவும் கயிறு பிடிக்கிற சாக்கில் மறுநாள் படகில் இருந்தாள். அன்று விடியலில் பிடித்த மீனை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கவனமாகச் சுத்தம் செய்திருந்தாள். பலகைகள் கண்ணாடி மாதிரி இருந்தன.

விடுதிக்காரம்மாள் வெள்ளைச் சட்டையும் தடித்த கண்ணாடியுமாக வந்தாள். உட்காரும் முன் விரலால் பலகையைத் தடவிப் பார்த்தாள். குனிந்து அடித்தளத்தைப் பார்த்தாள். "பரவாயில்லையே" என்றாள். தம்பி அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். படகு கிளம்பியது.

சிவப்பு மிதவை கண்ணில் படும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் ஒரு கடற்காகம் வந்தது. பிறகு நாலு. பிறகு வானம் முழுக்க ஒரே கூச்சல். பந்திக்கு இலை போட்டாற்போல அத்தனையும் இறங்கி, படகின் பக்கச் சட்டத்தில் வரிசையாக உட்கார்ந்தன. ஒன்று கூரைக்கம்பியில் நின்றுகொண்டு அக்காவையே உற்றுப் பார்த்தது. இன்னொன்று இறங்கி வந்து, குடல் டப்பாவை அவள் எப்போதும் வைக்கிற மூலையில் அலகால் தட்டியது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பலகையைத் துடைத்தாள், வாளியைத் துடைத்தாள், கத்தியைத் துடைத்தாள். இந்தப் பறவைகளின் ஞாபகத்தைத் துடைக்க மறந்துவிட்டாள். தினமும் ஒரே இடத்தில் விருந்து வைத்தால் விருந்தாளி வராமல் என்ன செய்வான்?

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. "சூ! சூ! இதுங்க... இதுங்க சும்மா காத்து வாங்க வரும்மா" என்றான்.

"காத்து வாங்கவா?" விடுதிக்காரம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "கடல்ல வேற எங்கேயும் காத்து இல்லியா?"

தம்பி அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"குடலுக்கு வருதும்மா. காலையில இந்தப் படகுலதான் நான் மீன் பிடிக்கிறேன். இங்க நிறுத்தித்தான் சுத்தம் பண்றேன்."

விடுதிக்காரம்மாள் குனிந்து பலகையை மோந்து பார்த்தாள். இடம் மாறி உட்கார்ந்து அங்கேயும் மோந்து பார்த்தாள்.

"இன்னைக்குக் காலையில கூடவா?"

"இன்னைக்குக் காலையில கூட."

"படகு நாறல. உங்க தம்பி சொன்ன பொய்தான் நாறுது" என்றாள் அவள். தம்பி இஞ்சினைக் கவனிப்பதுபோலக் குனிந்துகொண்டான். "எப்படிப் பண்றீங்க? எனக்குக் காட்டுங்க. நம்புறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

தூண்டில் பலகைக்கு அடியில் எப்போதும் இருக்கும். மிதவையைச் சுற்றிப் பறவைகளுக்கு மட்டுமா விருந்து? கீழே மீன்களும் பழகிப்போயிருந்தன. நூலை விட்டுச் சற்றைக்கெல்லாம், கை நீளத்துக்கு ஒரு செதில் மீன் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அக்கா பலகைகளை நனைத்தாள், ஈரத்துணி விரித்தாள், செவுளைக் கீறி வாளியில் தலைகீழாக நிறுத்தினாள். விடுதிக்காரம்மாள் வெள்ளைச் சட்டையோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, சமையல் வேலைக்கு ஆள் எடுக்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் பைக்குள் போனது. கரண்டி சரசரத்தது. உள்ளே செதில் பொழிந்தது, வெளியே ஒன்றும் இல்லை.

"அட!" என்றாள் அவள்.

அந்த ஒரு 'அட' தம்பிக்குப் போதுமாக இருந்தது. உயிர் திரும்பியவன்போல நிமிர்ந்தான். "நாங்க ரெண்டு பேருமா பழகின கைப்பக்குவம்மா இது. விடுக்கா, நான் பிடிக்கிறேன்" என்று பாய்ந்து வந்து பையின் வாயைப் பற்றினான். இத்தனை காலத்தில் அவன் அந்தப் பையைத் தொட்டதே இல்லை.

"வேணாம்டா, தள்ளி நில்லு..."

அவள் முடிக்கவில்லை. கூரைக்கம்பியில் பொறுமை இழந்திருந்த கடற்காகம் மீனைக் குறிவைத்து நேராக இறங்கியது. தம்பி "ஐயோ!" என்று அலறி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்ள, வாய் பிளந்த பை காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டது. செதில்கள் பறந்தன. பலகையில், வாளியில், வெள்ளைச் சட்டையில். விடுதிக்காரம்மாளின் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் பொதுவாக நடுவில் ஒன்று.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரே ஒரு செதில் என்றான். இதோ, எண்ண முடியாத அளவுக்குக் கிடக்கிறது. முடிந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். விடுதிக்காரம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றக்கூட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா சட்டென்று வாளியை எடுத்தாள். நனைந்த பலகையில் ஒரு வீச்சு, மறுபடி ஒரு வீச்சு. செதில்கள் எல்லாம் வந்த வழியே கடலுக்குப் போயின. ஈரத்துணியின் சுத்தமான மூலையால் சட்டையில் ஒட்டியதை, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். சட்டையில் கறை இல்லை.

"சரி, கேளுங்க" என்றாள் விடுதிக்காரம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சவாரி உங்களுக்குத்தான். எங்க சமையல்கட்டுக்கும் நீங்க சுத்தம் பண்ணின மீன் வரணும். ஆனா குடலை இந்த வழியில கொட்டாதீங்க. என் விருந்தாளிங்களை இதுங்க தின்னுடும். அப்புறம், நீங்க மீன் ஆயும்போது உங்க தம்பி பக்கத்துலயே வரக்கூடாது."

அவளைத் தீவில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அக்காவே ஆரம்பித்தாள்.

"ஒரு செதில் கிடைச்சா என் வியாபாரம் முடிஞ்சுதுன்னு சொன்னியே. இன்னைக்கு என்னடா கணக்கு?"

"செதிலா? எங்கே? நான் எதையும் பார்க்கலயே" என்றான் அவன் கடலைப் பார்த்தபடி.

அன்றிலிருந்து அக்கா குடலைத் தீவுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறாள், அதுவும் இடம் மாற்றி மாற்றி. கடற்காகங்கள் சிலநாள் மிதவையிலேயே உட்கார்ந்து, போகிற வருகிற தம்பியை ஏசிக்கொண்டிருந்துவிட்டுக் கலைந்துபோயின.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததை அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். சவாரி கிடைத்த பெருமையில் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான். அவன் மனைவி கிட்டே வந்து, அவன் மீசையிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "ஒரு செதில் கிடைச்சிருக்கு. யாரோட பிழைப்பை நிறுத்தணும்னு கேட்டுச் சொல்லுங்க."