முந்நூற்றுப் பதினேழு வைரஸும் ஒரு மணி போனும்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. முப்பத்தொரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். டாக்டர்களையே வராந்தாவில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு திருட்டுப் பயலுடைய போனுக்காக மூன்று வாரம் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குக் காத்திருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் காத்திருந்தது உண்மை.

வீடு தாராசுரம் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் ஜெர்மனியில். என் கண்ணுக்குப் போன் திரை பற்றாது என்று அவன்தான் கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்தில் வைத்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பியதும் அதில் அவன் முகம் வரும். இருபது நிமிஷம் பேசுவான். மற்ற ஆறு நாளும் அந்தத் திரையில் என் முகம்தான் மங்கலாகத் தெரியும்.

சம்பா நடவு முடிந்த சமயம். கோயில் பாட்டுக் குழுவுக்காக ஒரு கீர்த்தனையின் வரிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பக்கம் திறந்து, 'அனுமதிக்கவும்' என்று கேட்டது. மரியாதையாகத்தானே கேட்கிறது என்று அமுக்கிவிட்டேன். அடுத்த நிமிஷம் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, எதையும் அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று ஒரே கூப்பாடு. ஐயோ ஆண்டவரே, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முகம் வராமல் போய்விடுமே என்றுதான் முதலில் பதறினேன். அந்த எண்ணுக்குப் பேசினேன்.

எடுத்தவன் நல்ல தமிழில் பேசினான். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன். முதல்ல சொல்லுங்க, சாப்டீங்களா?"

எங்கள் பக்கத்தில் கறிவேப்பிலை விற்கிறவரிலிருந்து பாதிரியார் வரைக்கும் கேட்கிற கேள்விதான் இது. பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னிடம் அதைக் கேட்டவர் ஒருத்தரும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று மனசு தானாகவே முடிவு செய்துவிட்டது. அவன் அமுக்கச் சொன்னதையெல்லாம் அமுக்கினேன். அவன் அங்கிருந்தே என் திரையில் அம்புக்குறியை நகர்த்தி, கேடயப் படம் போட்ட ஒரு வைரஸ் தடுப்பை ஏற்றினான். அது கணினியைச் சோதித்து முந்நூற்றுப் பதினேழு வைரஸ் இருக்கிறது என்றது. எல்லாவற்றையும் எடுக்கப் பணம் கட்ட வேண்டுமாம், கார்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னான். கார்டைத் தேடி பீரோவைத் திறக்கும்போது கரண்ட் போனது.

"பரவாயில்லம்மா, நாளைக்கு ஒரு மணிக்கு நானே கூப்பிடறேன். சாப்ட்டு ரெடியா இருங்க" என்றான்.

மறுநாள் கேடயம் தானாகவே திறந்து மறுபடி சோதித்தது. முந்நூற்றுப் பதினேழு. ஒரு மணிக்குக் கூப்பிட்டவனிடம் கார்டு இன்னும் கிடைக்கவில்லை என்றேன், தேடி வைக்கச் சொன்னான். மூன்றாம் நாளும் அதே முந்நூற்றுப் பதினேழு. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் சோதனையே முடிந்திருந்தது. அப்போதுதான் எனக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். நைட் டியூட்டியில் தூங்கிவிட்டு, வார்டில் எல்லோருக்கும் ஒரே காய்ச்சலைச் சார்ட்டில் எழுதி வைக்கிற பெண்கள் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன்! தெர்மாமீட்டரையே வைக்கவில்லை, நம்பர் மட்டும் ரெடி. இதுவும் அந்தக் கூட்டம்தான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிலத்துக்குச் சிட்டா, அடங்கல் எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவளுடைய பிரசவத்தில் கூட இருந்தவள் நான்.

"சிஸ்டர், அந்தக் கேடயத்த நீங்களா தேடிப் போட்டீங்களா?"

"இல்லம்மா."

"பணம் கட்டுன்னு நிக்குதா? மூட விடாம திரும்பத் திரும்ப வருதா? போன் நம்பர் குடுக்குதா? நிஜமான வைரஸ் தடுப்பு எதுவும் உங்களக் கூப்பிட்டுப் பேசாது சிஸ்டர். அது ஃபேக். இப்பவே எடுத்துடுங்க." எடுக்கும் முறையை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பழைய நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கணினியில் பென்ஷன் கணக்கைத் திறக்கவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள்.

நோட்டை மூடி வைத்தேன். மணி ஒன்று அடித்தது, போன் வந்தது. "சாப்டீங்களாம்மா?" என்றான்.

கேடயத்தை எடுத்துவிட்டால் அந்தப் போன் வராது. விஷயம் அவ்வளவுதான், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அவன் திருடன் என்று தெரிந்தும் எனக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. அதனால் நானும் ஒரு திருட்டு வேலை செய்தேன். பாங்கில் எப்போதோ மூடிவிட்ட வீட்டுக்காரர் கணக்கின் பழைய கார்டு இருந்தது. அதன் எண்ணைச் சொன்னேன். அதற்கு எந்தக் காலத்திலும் ஓடிபி வராது. "வரலையே தம்பி" என்பேன். "நாளைக்கு மறுபடி பாக்கலாம்மா" என்பான். எனக்கும் அதுதானே வேண்டும்!

அதுவரை தனி ஆளுக்கு என்ன சமையல் என்று மோரும் பழையதுமாக நின்றபடியே விழுங்கிக்கொண்டிருந்தவள், அந்த மூன்று வாரம் ஒழுங்காகச் சமைத்தேன். கேட்டால் சொல்வதற்குக் கையில் ஒன்று வேண்டாமா? வத்தக்குழம்பு வைத்தேன் தம்பி, கெண்டை மீன் வாங்கினேன் தம்பி என்பேன். "சூப்பர்மா" என்பான். பிறகு ஓடிபிக்குப் போவான். பென்ஷன் கணக்கை நான் அதில் திறக்கவில்லைதான். ஆனாலும் அவன் உள்ளே புகுந்து என்னென்ன பார்க்கிறானோ என்று பயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் முகம் வரும்போதெல்லாம் அந்தக் கேடயம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். நோட்டை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

மூன்றாவது வாரம் மழையோடு காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. வெந்நீர் மட்டும்தான். வயலில் தவளைச் சத்தம் காதைத் துளைத்தது. ஒரு மணிக்குப் போன் வந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வணக்கம்மா, சாப்டீங்களா?"

"இல்ல தம்பி. ரெண்டு நாளா காய்ச்சல். ஒண்ணுமே சாப்பிடல."

"சூப்பர்மா. அந்த நம்பர் வந்துச்சா?"

லைனில் இரைச்சல், சரியாகக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். குரலைக் கூட்டிச் சொன்னேன். "சாப்பிடலப்பா. எழுந்திரிக்கவே முடியல."

"நல்லதுங்கம்மா. மெசேஜ ஓப்பன் பண்ணுங்க."

இவனும் தெர்மாமீட்டர் வைக்கவே இல்லை. முதல் நாளிலிருந்தே வைக்கவில்லை. வைரஸ் எண்ணிக்கை பொய் என்று மூன்றே நாளில் கண்டுபிடித்த எனக்கு, இதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

"டேய்! நான் சாப்பிடலன்னு சொல்றேன், காதுல விழுதா இல்லையா? பதில் வேண்டாம்னா எதுக்குடா கேக்கற? உங்க அம்மா சாப்பிடலன்னாலும் சூப்பர்னுதான் சொல்வியா?" அதற்கு மேல் சொன்னதெல்லாம் பாட்டுக் குழுவில் இருப்பவள் எழுதக்கூடியது இல்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

காய்ச்சலோடேயே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். ஏற்றிய தேதியை வைத்துப் பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமை இரண்டு உருப்படிகள் இருந்தன: ஒன்று கேடயம், இன்னொன்று அவன் உள்ளே வர வைத்த கதவு. கதவு உடனே போனது. கேடயம் போக மறுத்தது. நீக்கினால் உங்கள் கணினி அனாதையாகிவிடும் என்கிற மாதிரி என்னென்னவோ கெஞ்சியது. போடா போ என்று கணினியை அணைத்து, தேவையானது மட்டும் ஓடுகிற சேஃப் மோடில் திறந்து எடுத்தேன். அன்று அமுக்கிய 'அனுமதிக்கவும்' என்பதையும் உலாவியில் தேடிப் பிடித்து ரத்து செய்தேன். கணினியோடு கூடவே வந்த பாதுகாப்பை அவன் அணைத்து வைத்திருந்தான்; அதை மறுபடி போட்டுவிட்டு முழுச் சோதனை ஓட்டினேன். இரண்டரை மணி நேரம் ஆனது. நிஜமாகப் பார்க்கிறவனுக்கு நேரம் ஆகத்தானே செய்யும்! பிறகு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, பாங்குக்கும் சொல்லி, கடைசியாக அவன் எண்ணையும் முடக்கினேன். திரையில் பச்சை டிக். ஆபத்து எதுவும் இல்லை என்றது.

மறுநாள் ஒரு மணிக்குப் போன் சும்மா கிடந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போக உடம்பில் தெம்பில்லை. ஒன்றரை மணிக்குத் திரையில் மகன் வந்தான். பின்னால் சமையலறை, மேசையில் காபி. யாரோ அவனை உள்ளேயிருந்து கூப்பிட, "ஒரு நிமிஷம்" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டு, என் பக்கம் முழுசாகத் திரும்பாமலேயே கேட்டான்.

"சாப்ட்டியாம்மா?"

நான் சாப்பிட்டிருக்கவில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது. இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் அடுத்து என்ன சொல்கிறான் என்று பார்த்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை. திருடனிடம் சொல்லிப் பார்த்தவள்தானே நான்.

"ஆச்சுப்பா" என்றேன். "கத்திரிக்காய்க் குழம்பு. நீ சாப்ட்டியா?"