திறந்த ஓடையில் ஒரு சொத்தை

ஓடையக்கா தன் வீட்டுக் குளியலறையைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தினமும் காலையில் துண்டும் சோப்புமாக எங்கோ போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. தங்கை வீட்டுக்கு என்றது ஒரு கட்சி. புருஷனோடு சண்டை என்றது இன்னொரு கட்சி. மூட்டுவலிக்கு ஏதோ வைத்தியம் என்றார் பால் போடுகிறவர். அடுத்தவர் குளியலறையை எட்டிப் பார்ப்பது பத்திரிகை தர்மம் ஆகாதுதான். இந்தப் பத்தி எந்தக் காலத்தில் தர்மத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே கிளம்பியது? விசாரிக்கப் போனேன்.

ஓடையக்கா என்பது தெரு வைத்த பெயர். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை அவருடையது. வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பழகிய கை. தெருவையும் அப்படியே உட்காரவைத்துவிடும். எதற்கெடுத்தாலும், “திறந்து பாத்தாத்தானே சொத்தை தெரியும்” என்பார். பல்லுக்குச் சொல்கிறாரா நகராட்சிக்குச் சொல்கிறாரா என்று எதிரில் இருப்பவருக்குப் புரியாது.

அந்தத் தெருவுக்கு அடியில் ஓர் ஓடை புதைந்து கிடந்தது. எப்போதோ ஒரு புத்திசாலி அதைக் குழாய்க்குள் தள்ளி, மேலே தார் போட்டு, குழாயின் மறுமுனையைச் சாக்கடையோடு கோத்துவிட்டுப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து ஓடை, சாக்கடை வீட்டில் ஒண்டுக்குடித்தனம். வெயில் நாளில் இரண்டும் அனுசரித்துப் போகும். மழை பிடித்தால் ஒரே வாசலில் இரண்டும் முட்டிக்கொள்ளும். வழி கிடைக்காத சாக்கடை, தாழ்வான வீடுகளின் கழிப்பறைக் கோப்பை வழியாக மேலேறி நடுக்கூடத்துக்கு வந்து நிற்கும். தெருவிலேயே தாழ்வான வீடு ஓடையக்காவுடையது. ஒரு வருட மழைக்குப் பிறகு பொறுக்க முடியாமல், கீழ்த்தளத்துக் கழிப்பறையைச் சிமெண்டு போட்டு அடைத்துவிட்டு மாடியில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டார். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறந்துவிட்டார்.

அடைத்ததோடு அவர் அடங்கவில்லை. ஓடையைச் சாக்கடையிலிருந்து பிரித்து வெளியே விடச்சொல்லி, செருப்புத் தேய நகராட்சிக்கு நடந்தார்.

“மூடிக் கெடக்கறதைத் தொறக்கச் சொல்றீங்களே, நாறாதாம்மா?” என்றார் அதிகாரி.

“திறந்து பாத்தாத்தான் சார் சொத்தை தெரியும்.”

திறந்தார்கள். தாரைக் கிழித்து, குழாயை உடைத்து, கரைக்குக் கல் அடுக்கினார்கள். ஓடை வெகுகாலம் கழித்து வானத்தைப் பார்த்தது. அடுத்த மழையில் ஓடை தன் வழியே போனது, சாக்கடை தன் வழியே போனது, ஒரு வீட்டுக்குள்ளும் ஏறவில்லை. ஜனங்கள் நம்ப முடியாமல் விடிந்ததும் தங்கள் வீட்டுத் தரையைத் தடவிப் பார்த்தார்கள். ‘ஓடையக்கா’ பட்டம் அன்றைக்குத்தான் கிடைத்தது.

கொஞ்ச நாளில் நாற்றம் தொடங்கியது. அக்கா வீட்டைத் தாண்டி ஓடை வளைகிற இடத்தில், சரியாக லாண்டரிக் கடை வாசலில். கரையிலேயே கூட்டம் கூட்டினார் அக்கா.

“யாரு கடை வாசல்ல நாறுதுன்னு பாருங்க. ஊரு அழுக்கையெல்லாம் வாங்கித் தொவைக்கறவரு அந்தத் தண்ணிய எங்க விடுறாராம்? கேக்க ஆளில்லைன்னு நெனப்பா?”

லாண்டரிக்காரர் ஈரக் கையோடு வந்து நின்றார். “அக்கா, என் மெஷின் தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது. உள்ள வந்து பாருங்க.”

“பாக்க வேற செய்யணுமா? எங்களுக்கெல்லாம் மூக்கு இருக்கு.”

சிரிப்பு எழுந்தது. மறுநாளிலிருந்து கடைக்குத் துணி வரத்து குறைந்தது. அக்காவும் போகவில்லை. ஆனால் கூட்டத்துக்கு முன்பே, வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைக் கோட்டுகள் இரண்டையும் அதே கடையில் கொடுத்திருந்தார்.

நகராட்சி ஒரு இன்ஜினியர் பெண்ணை அனுப்பியது. கையில் சாயப் புட்டிகள். “எந்த வீட்டுத் தண்ணி ஓடைக்கு வருதுன்னு தெரியணும். கழிப்பறைல சாயம் ஊத்திட்டு இங்க வந்து பாத்தாப் போதும்.”

“மொதல்ல அந்தக் கடைல ஊத்தும்மா” என்றார் அக்கா.

கடை மெஷின் தண்ணீர் போகிற குழாயில் பச்சைச் சாயம் ஊற்றினார்கள். ஓடையில் ஒன்றும் இல்லை. சாக்கடை மூடியைத் திறந்தால், அடியில் பச்சை அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா சற்றே ஏமாந்து, உடனே பெருந்தன்மைக்குத் தாவினார். “சரி, என் வீட்டுலயும் ஊத்தும்மா. எனக்குன்னு சலுகை வேணாம்.”

ரோஸ் சாயம். எல்லோரும் ஓடைக் கரையில் நின்றார்கள். அக்கா வீட்டுச் சுவருக்குக் கீழே, கரைக் கற்களின் இடுக்கிலிருந்து ரோஸ் நிறம் கொப்பளித்து வந்தது. வளைவில் திரும்பி, லாண்டரி வாசலைத் தாண்டி, நடைபாலத்துக்கு அடியில் போனது. பாலத்தின் மேல் நின்ற ஒரு சின்னப்பெண் கைதட்டினாள்.

“ஐ! அக்கா வீட்டுத் தண்ணி ரோஸ் கலரு!”

தெருவெல்லாம் தேடிய சொத்தை அவர் சொத்திலேயே இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது கூடத்தில் கணவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். “மாடில பாத்ரூம் கட்டறப்ப பிளம்பர் இவகிட்டதான் கேட்டான்” என்று ஆரம்பித்தார். “‘சாக்கடை லைன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகுதுக்கா, ரோட்டை வெட்டணும். சுவரோரமா ஒரு பழைய குழாய் இருக்கு. தட்டிப் பாத்தேன், உள்ள சலசலன்னு தண்ணி ஓடுது. அதுல விட்டுரவா?’ன்னான். இவ என்ன சொன்னா தெரியுமா?”

“சொல்லுங்க, சொல்லுங்க” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஊருக்கே தெரிஞ்சாச்சு. பத்திரிகைக்குத் தெரிய வேணாமா?”

“‘எங்கயாவது போகட்டும்’னா.”

நகரங்களெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எழும்பி நிற்கின்றன. ஓடை சாக்கடையோடு சேர்ந்திருந்த வரை அதில் விட்டது வெளியே தெரியவில்லை. பிரித்தபோதுதான், அக்கா வீட்டுக் கழிவு மட்டும் ஓடையோடு நேராக வந்துவிட்டது. பிரிக்கச் சொன்னதும் அக்காதான்.

அவர் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “அந்தக் குழாய்ல ஓடை போகுதுன்னு அப்ப எனக்குத் தெரியாது” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “தெரிஞ்சிருந்தா மட்டும் ரோட்டை வெட்டச் சொல்லியிருப்பேனா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

குழாய் மாற்ற நகராட்சியிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை. அதுவரை மாடிக் குளியலறைக் கதவைப் பூட்டியது அவரேதான். “ஒரு சொம்பு தண்ணி ஊத்துனாலும் அந்தப் பொண்ணு கைதட்டுறது காதுல விழுது.” துண்டும் சோப்பும் போன இடம் தங்கை வீடு இல்லை. கிளினிக். யாரும் வருமுன் போய்க் குளித்துவிட்டு மேசையில் உட்கார்ந்துவிடுகிறார். கணவர் தன் ஆபீசில் சமாளித்துக்கொள்கிறார், விவரம் கேட்கவில்லை. சீக்கிரம் வருவதைப் பார்த்த டாக்டர், மற்றவர்களைக் கூப்பிட்டு, “கத்துக்கோங்க, இதுதான் பொறுப்பு” என்றாராம். “அதுக்கு அவரு என்னைத் திட்டியிருக்கலாம்” என்றார் அக்கா.

பேசும்போதுதான் கவனித்தேன். போட்டிருந்த கோட்டு கசங்கியிருந்தது, பழையது வேறு. “நல்ல கோட்டு?” என்றேன்.

“கடைல இருக்கு.”

லாண்டரிக் கடையில் பாதி அலமாரி காலி. மேல்தட்டில் இரண்டு வெள்ளைக் கோட்டுகள், மடிப்பு கலையாமல்.

“அவங்க வீட்டுக்காரர் வந்தாருங்க” என்றார் லாண்டரிக்காரர், தேய்ப்பை நிறுத்தாமல். “காசும் நீட்டினாரு. நான் குடுக்கல. கோட்டு அவங்களோடது, அவங்க வரட்டும்.”

“வந்து?”

“வந்து என்ன சொல்லணும்னு நானா சொல்லித் தரணும்? அன்னைக்குக் கூட்டத்துல யாரும் சொல்லித் தராமலே நல்லாத்தானே பேசினாங்க.”

அப்போதுதான் அக்கா கரையோரமாக வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கிளினிக்குக்குத் திரும்ப அந்த வழியாகப் போகவேண்டிய அவசியமே இல்லை. வாசலில் நின்றார். உள்ளே துணி போட வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண் மேல்தட்டுக்குப் போய்த் திரும்பியது.

“வாங்கக்கா” என்றார் லாண்டரிக்காரர்.

நாள் முழுக்க அடுத்தவர்களை வாய் திறக்க அனுப்பிவைக்கிறவர், தன் வாயைத் திறந்தார்.

“மெஷினெல்லாம்... நல்லா ஓடுதா?”

“ஓடுதுக்கா. தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது.”

அக்கா தலையாட்டினார்.  பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கசங்கிய கோட்டோடு நடந்துவிட்டார்.

லாண்டரிக்காரர் அவர் பாலம் தாண்டும் வரை பார்த்தார். மேல்தட்டிலிருந்து கோட்டுகளை இறக்கி, தூசி தட்டி, காலரில் மட்டும் ஒருமுறை சூடு காட்டி, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.