மடிப்பறைக்கு வந்த கப்பல்

என் சித்திக்கு அந்த மருத்துவமனையில் 'கதைக்காரி' என்று பெயர். பாராட்டாகச் சொல்பவர்கள் சிலர், குத்தலாகச் சொல்பவர்கள் பலர். யார் எப்படிக் கூப்பிட்டாலும் சித்தி ஒரே மாதிரித்தான் திரும்பிப் பார்ப்பாள்.

வார்டுகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சை அறையின் பச்சைத் துணி எல்லாம் கட்டடத்தின் அடித்தளத்துக்கு வரும். அங்கே துவைத்து, உலர்த்தி, சூடான உருளையில் அழுத்தி, கடைசியாக மடிப்பறைக்குத் தள்ளுவண்டியில் அனுப்புவார்கள். சித்தி அங்கே துணி மடிப்பவள்.

எட்டாம் வகுப்போடு அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அப்போது அவள் கேட்ட ஒரே கேள்வி, "நூலகத்துக்கும் போகக் கூடாதா?" என்பதாம். நூலகத்தைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. சித்தப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வீட்டுக்கு யார் வந்தாலும் சிரிக்காமல் சொல்வார்: "வீட்டுல நான் ஒரு புருஷன். புத்தகத்துல வாரத்துக்கு ஒருத்தன். அவங்க யாரும் குழம்புல உப்பு இல்லன்னு சொல்றதில்ல பாருங்க, அதனால அவங்களுக்குத்தான் மரியாதை."

சித்தி படிப்பதெல்லாம் தடித்த நாவல்கள். அவற்றில் ஒரு குடும்பம் சிதறும். யாராவது காணாமல் போவார்கள், யாராவது மலையோ கடலோ தாண்டித் தேடிப் போவார்கள், வழியெல்லாம் கடவுளைக் கூப்பிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் வகுப்பில் இந்த வகை நாவல்களை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள்: அழவைப்பவை, ஆறுதல் விற்பவை. நானும் தேர்வில் அப்படியே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். எழுதியது சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. சந்தேகம் வந்தது கடைசி ஆண்டு விடுமுறையில், நான் தற்காலிகமாக மடிப்பறையில் வேலைக்குச் சேர்ந்தபோது.

காலையில் உருளை ஓடும்வரை அங்கே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. சாப்பாட்டுக்குப் பிறகு உருளையை நிறுத்துவார்கள். குவிந்து கிடப்பதை மடிப்பது மட்டுமே மிச்சம். அப்போது சித்தி ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கூரையோரச் சின்ன ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, புத்தகத்தைத் திறப்பாள். அவள் பங்குத் துணியை மற்றவர்கள் பிரித்து மடித்துவிடுவார்கள். இது பல வருட ஏற்பாடு.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, ஓங்கி உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கதை இறுகும் இடத்தில் சேர்ந்த இரண்டு பேரும் பிரிய மாட்டார்கள். விரிப்பைப் பிடித்தபடி, மூக்குக்கு மூக்கு, சித்தியின் பக்கம் தலையைத் திருப்பி நின்றுவிடுவார்கள்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரும் முன்கூட்டிப் படிக்கக் கூடாது, சித்தி உட்பட. முன்பு ஒருமுறை அவள் வீட்டில் நாலு அத்தியாயம் தாண்டிப் படித்துவிட்டு வேலைக்கு வந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தே கதையில் வரும் குழந்தை பிழைக்காது என்று கண்டுபிடித்து, காலையிலேயே எல்லோரும் அழுது தீர்த்துவிட்டார்களாம். "மத்தியானம் படிக்கிறப்போ ஒருத்தி கொட்டாவி விட்டா. செத்த குழந்தைக்கு இதைவிட அவமானம் வேணுமா?" என்பாள் சித்தி.

நான் சேர்ந்தபோது ஓடிக்கொண்டிருந்தது அட்டை கிழிந்த ஒரு கடல் நாவல். கப்பலில் தச்சு வேலை செய்பவன் புயலில் காணாமல் போகிறான். ஊரே அவனுக்கு இறுதிப் பிரார்த்தனை செய்கிறது. மனைவி மட்டும் நம்பாமல், இரண்டு மகள்களைக் கூட்டிக்கொண்டு படகேறித் தீவு தீவாகத் தேடுகிறாள். இருட்டினால் கடவுளோடு சண்டை போடுகிறாள். அந்தச் சண்டைகளைச் சித்தி படிக்கும்போது கடவுள் அடுத்த அறையில் இருப்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டு படிப்பாள்.

இந்தக் கதையில் எல்லோரையும்விட மூழ்கிப் போனவர் நெட்டையக்கா. சித்தியின் தோழி, விரிப்பு மடிப்பதில் அவள் ஜோடி. கையைத் தூக்கினால் விரிப்பின் கீழ் முனை தரையைத் தொடாது, அவ்வளவு உயரம். அக்காவின் ஒரே மகன் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளன். பல மாதங்களாக அவனிடமிருந்து போன் இல்லை. அவனை வேலைக்கு அனுப்பிய முகவர் அலுவலகம் நகரத்திலேயே, பேருந்தில் போகும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அங்கே போய்க் கேட்கவில்லை. அது எனக்குப் புரியவே இல்லை.

ஒரு மத்தியானம் சித்தி படிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"ஏன்டி, அந்த ஆபீசுக்குப் போனியா இல்லையா?"

"போவேன். கதை முடியட்டும்."

"கதைக்கும் உன் மகனுக்கும் என்ன?"

அக்கா விரிப்பின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சாமிகிட்ட ஒரு பேச்சுப் பேசி வெச்சிருக்கேன். தச்சன் கரை சேர்ந்தா என் பிள்ளையும் சேர்ந்துட்டான்னு அர்த்தம். அவனே சேர்ந்துட்டா நான் எதுக்கு ஆபீசுல போய் நிக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன. அந்த அறையில் வேலை செய்யாத ஒருவருக்கு இப்படி ஒரு பேரம் தோன்றியே இருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தி கட்டுப்பாட்டை மீறினாள். வெங்காயம் உரிப்பதை என் தலையில் கட்டிவிட்டு, சமையல் மேடையில் சாய்ந்து நின்றே மிச்சக் கதையைப் படித்து முடித்தாள். மூடி வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவினாள்.

"தச்சன் செத்துட்டான்டி."

கடைசித் தீவில் அவன் கல்லறை இருக்கிறது. உடைந்த கப்பலின் மரத்தில் ஒரு படகு செய்து மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவன் காய்ச்சலில் இறந்துபோயிருக்கிறான். மனைவி கல்லறை முன் மண்டியிட்டு, "உன் விருப்பம் போல் ஆகட்டும்" என்கிறாள். அதோடு முடிகிறது.

"மாத்திப் படிச்சிடு சித்தி," என்றேன். "உயிரோட இருந்தான்னு படி. அக்காவுக்கு எப்படித் தெரியப் போகுது?"

"தெரியாதுதான். அவ சந்தோஷமா வீட்டுக்குப் போய்க் கதவைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. எத்தனை வருஷம்?"

"அப்போ படிக்கவே வேண்டாம். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு."

"தொலைஞ்சா அவ எப்பவும் ஆபீசுக்குப் போக மாட்டா. கதை முடியணும்டி. நல்லதோ கெட்டதோ, முடிஞ்சாத்தான் அவ கால் நகரும்."

"உடைஞ்சு போயிட்டா?"

சித்தி நான் உரித்த வெங்காயத்தைப் பார்த்து, "இதுல பாதி தோலோட இருக்கு, பட்டதாரி," என்றாள்.

மறுநாள் புதிய மேற்பார்வையாளர் வந்துவிட்டார். முன்பு ஏதோ தொழிற்சாலைக் காவலில் இருந்தவராம். கழுத்தில் தொங்கும் விசிலைப் பார்த்து, மத்தியானத்துக்குள் 'விசில் சார்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. அவர் முதல் உத்தரவே, வேலை நேரத்தில் புத்தகம் கூடாது. மீறினால் இடமாற்றம்.

எனக்கு உள்ளூர நிம்மதி. இனி சித்திமேல் பழி இல்லை. தடை போட்டார்கள், படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இதைச் சித்தியின் காதில் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சாப்பாடு முடிந்தது, உருளை நின்றது, தொட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

இரண்டு பக்கம் போயிருக்காது, விசில் சார் வாசலில் நின்றார்.

"என்ன நடக்குது இங்க?"

"கதை நடக்குது சார்."

"உத்தரவு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. காதுல விழுந்துச்சு. இன்னிக்கு முடிஞ்சிடும், முடிச்சுட்டு வர்றேன். எந்தப் பக்கம் மாத்துறீங்களோ மாத்திக்குங்க."

அவர் விசிலை ஊதினார். அந்த மூடிய அறையில் அது காதைக் கிழித்தது. ஆனால் ஒருவரும் கையை நிறுத்தவில்லை. விரிப்புகளை வழக்கத்தைவிட ஓங்கி உதறினார்கள். நான்கைந்து ஜோடி ஒரே நேரத்தில் உதறினால் அதுவும் ஒரு சத்தம்தான். அவர் மீண்டும் ஊதினார். சித்தி குரலை உயர்த்திப் படித்தாள். ஒருவேளை அவர் வந்து புத்தகத்தைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் அவருக்கும் அவளுக்கும் நடுவே விரிப்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன. யாரும் வழிவிடவில்லை.

கல்லறை வந்தது. சித்தி ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. குரலும் உடையவில்லை. மனைவி மண்டியிட்டாள். "உன் விருப்பம் போல் ஆகட்டும்." சித்தி புத்தகத்தை மூடினாள்.

எல்லோரும் நெட்டையக்காவைப் பார்த்தார்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் நான். அவர் தன் முனையை வெடுக்கென்று இழுத்ததில் நான் ஓரடி முன்னே போனேன்.

"பொய்," என்றார் அக்கா.

"அப்படித்தான் எழுதியிருக்குடி," என்றாள் சித்தி.

"எழுதினவன் கரையில உட்கார்ந்து எழுதியிருக்கான். கப்பல் ஏத்திவிட்டவளைக் கேட்டானா? இத்தனை தீவு தேடினவ, கடைசியில ஒரு மண்மேட்டைக் காட்டினதும் மண்டி போட்டுட்டாளா? அது அவன்தான்னு யார் பார்த்தா? அவ வேணும்னா போடட்டும். நான் போட மாட்டேன்."

"சாமிகிட்ட பேசின பேச்சு?" யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"வாபஸ்!" அக்கா கூரையைப் பார்த்துக் கத்தினார். "கேட்குதா? வாபஸ் வாங்கிட்டேன்! கதைப் புத்தகத்தை வெச்சு என் பிள்ளைக்குக் கணக்குத் தீர்க்காதே!"

விரிப்பை என் கையில் திணித்துவிட்டு, விசில் சாரைத் தாண்டி, வேலை உடுப்போடு வெளியே போய்விட்டார். சித்தி என்னைத் தள்ளினாள். "கூடப் போடி. ஓடு."

முகவர் அலுவலகம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது. கணினி முன் ஓர் இளைஞன், கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு. அக்கா கப்பலின் பெயரைச் சொன்னார். அவன் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"நாளைக்கு வாங்கம்மா. பெரியவர் இல்ல."

"தம்பி, ஒருத்தி ரெண்டு பொண்ணுங்களை வெச்சுக்கிட்டு கடல்ல தீவு தீவா தேடினா. நான் ரெண்டு மாடி ஏறியிருக்கேன். இதுக்கே திரும்பிப் போகணுமா?"

"யாரும்மா அது?"

"உனக்குத் தெரியாது. நீ படிக்கிற ஆளாத் தெரியல."

நாற்காலியை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். அந்த உயரத்துக்கு, உட்கார்ந்தும் பாதிக் கதவை மறைத்தார். உள்ளே வரப் பார்த்த இரண்டு பேர் வெளியிலேயே நின்றார்கள். அவன் முதலில் கெஞ்சினான், அப்புறம் மிரட்டினான், அப்புறம் போனை எடுத்தான். வேறு வேறு எண்களில் பேசினான். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. ஏதோ ஒரு தொலைதூரத் துறைமுகத்தில் வழக்கு காரணமாகக் கப்பலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆட்களை இறங்கவிடவில்லை, போன் பேசவும் விடவில்லை. குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று கம்பெனி முடிவு செய்திருக்கிறது. கடைசியில் கப்பலின் அதிகாரி ஒருவர் கிடைத்தார். நீண்ட இரைச்சலுக்குப் பிறகு போனை அக்காவிடம் நீட்டினான்.

அக்கா அதைக் காதில் வைத்து, மூச்சுவிடாமல் கேட்டார்.

"யாரு... நீயா?" பிறகு குரல் ஏறியது. "ஏன்டா எருமை, உன்னை இங்க ஒரு புத்தகத்துல கொன்னே போட்டுட்டாங்கடா!"

அப்புறம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எதிர்முனை பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான் யோசிக்கிறேன். தச்சன் திரும்பி வந்திருந்தால் அக்கா அந்த மாடி ஏறியிருப்பாரா? ஆறுதல் அவரை உட்கார வைத்திருந்தது. ஆனால் அலுவலகத்தில் அவர் துணைக்கு அழைத்ததும் அந்தப் படகுக்காரியைத்தான். நாவலோடு சண்டை போட்டுக்கொண்டு, நாவலிலிருந்தே ஆளையும் கூட்டிவந்திருக்கிறார். இதை எந்தத் தேர்வில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கப்பல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. மற்றக் குடும்பங்களையும் தேடிப் பிடித்து, வாரம் தவறாமல் அக்கா அந்த மாடி ஏறுகிறார். சித்தியை அழுக்குத் துணி பிரிக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே முகமூடியும் முழங்கை வரை கையுறையும். வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மடிப்பறைக்குத் திரும்பலாம் என்று விசில் சார் சொல்லியனுப்பினார்.

"நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். அந்த நாற்றம் அவள் தலைமுடி வரை ஏறியிருந்தது.

"எழுது. படிச்சேன், முடிச்சேன், இனியும் படிப்பேன்னு எழுது."

"வருத்தம்?"

"இருக்கே. அந்தக் கடைசிப் பக்கத்தை எழுதினவன் மேல நிறைய வருத்தம் இருக்கு. அதையும் சேர்த்துக்க."

சொன்னபடியே எழுதினேன். சித்தி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.